சாமை பிரிஞ்சி ஏன் குழைந்தது, ஏன் கசந்தது, ஏன் அடிப்பிடித்தது?

மாடி வீட்டுப் பெண் ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்குக் குக்கரோடு இறங்கி வந்தாள். கல்யாணமாகி எங்கள் நங்கநல்லூர் குடியிருப்புக்கு வந்து நாலு மாதம் இருக்கும். மூடியைத் திறந்து, "அக்கா, இது பிரிஞ்சியா, களியா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். கரண்டியை நட்டுப் பார்த்தேன். நின்றது.

"தண்ணீர் எவ்வளவு வைத்தாய்?"

"பாக்கெட்டில் போட்டிருந்தபடி ஒன்றுக்கு மூன்று."

"காய்?"

"தாராளமாகப் போட்டேன். கோஸ், சௌசௌ, தக்காளி மூன்று."

"சாமையை ஊறவைத்தாயா?"

"ராத்திரி படுக்கும்போதே ஊறப்போட்டுவிட்டேன் அக்கா."

மூன்று பதிலிலும் ஆளுக்கொரு கோளாறு இருக்கிறது. அவளோ குக்கரைத் திட்டிக்கொண்டிருந்தாள்; அதற்கு முன்னால் சாமையைத் திட்டியிருப்பாள். கலந்த சாதத்தில் இதுதான் தொல்லை. கோளாறு கண்ணில் படுவது மூடியைத் திறக்கும்போது. நடந்தது அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், சில சமயம் முந்தின இரவே. ஆகவே கீழே முடிந்தவரை இரண்டையும் சொல்கிறேன்: இப்போது என்ன செய்வது, எங்கே தவறியது. பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது முதலாவது போதும். இரண்டாவதைச் சாயங்காலம் காப்பியோடு படித்துக்கொள்ளலாம்.

பிரிஞ்சியைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய்த்தூள் மஞ்சள்தூள் இல்லாமல், வெளுத்த நிறத்தில், பச்சை மிளகாய்க் காரமும் பிரிஞ்சி இலை மணமுமாக வருவது. கல்யாணப் பந்தியில் அரிசியில் செய்வார்கள். என் வீட்டில் பால் பொருள் ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருக்கிறார்; அதனால் நெய்யும் தயிரும் கிடையாது. அரிசிக்குப் பதில் சாமை. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு தெருமுனை மளிகைக் கடையிலும் சாமை பாக்கெட் வந்துவிட்டது. செய்முறைதான் கூடவே வரவில்லை.

என் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன்; பின்னால் வரும் வைத்தியமெல்லாம் இதை வைத்துத்தான். 200 மில்லி பிடிக்கும் டம்ளரால் ஒரு டம்ளர் சாமை. கழுவி, அரித்து, 20 நிமிடம் ஊறவைத்து, சொட்டுச் சொட்டாக நிற்கும்வரை வடித்தது. நறுக்கிய காய் ஒன்றரை டம்ளர்: கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, கிடைத்தால் நூக்கோல். பெரிய வெங்காயம் ஒன்று, சின்னத் தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, புதினா ஒரு கைப்பிடி. தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். பட்டை சுண்டுவிரல் நீளம், கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு, பிரிஞ்சி இலை ஒன்று, அன்னாசிப்பூவில் பாதி, மராட்டி மொக்கு ஒன்று, கல்பாசி இரண்டு விரலால் கிள்ளிய அளவு. இரண்டாம் தேங்காய்ப்பாலும் தண்ணீருமாகச் சேர்த்து ஒன்றரை டம்ளர். நடுத்தரத் தீயில் இரண்டு விசில். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, கால் டம்ளர் முதல் பாலைச் சுற்றிலும் விட்டு, ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டும்.

குழைந்துவிட்டது

கிளறாதீர்கள். கை பரபரக்கும், தெரியும். சூடாக இருக்கும்போது ஒவ்வொரு கிளறலும் வெந்த மணியை உடைத்து மாவை வெளியே விடும். குழைந்தது களியாவது அப்போதுதான். பெரிய தாம்பாளத்தில் மெல்லிய படுகையாகப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள். வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். நேற்றைய சாதத்தில் எலுமிச்சை சாதம் பிசைந்தால் உதிரியாக வருவது அதனால்தான். இறுகிய பிறகு இரும்பு வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு தவணையாகப் போட்டு, தோசைத் திருப்பியால் புரட்டி எடுத்தால் முக்கால்வாசி மீண்டுவிடும். கரண்டி நிற்கும் அளவுக்குப் போய்விட்டதென்றால் மீட்க முயல வேண்டாம். ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுத் தளர்த்தி, மிளகு சீரகம் தாளித்துக் கொட்டி, கிச்சடி என்று பெயரை மாற்றிவிடுங்கள். மாடி வீட்டில் அன்று அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

எங்கே தவறியது? பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கில். பாக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றுக்கு மூன்று என்பது காய் சேர்க்காமல், ஊறவைக்காமல், திறந்த பாத்திரத்தில் வெறும் சாதமாக வடிப்பதற்குச் சரி. குக்கரில் ஆவி வெளியே போவது குறைவு. ஊறிய சாமை ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கிறது. இதற்கு மேல் காய் தன் பங்குக்குத் தண்ணீர் விடும். தக்காளி, கோஸ், சௌசௌ, காலிபிளவர் எல்லாம் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உருளைக்கிழங்கில்கூட ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், ஆனால் அது தன் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே சௌசௌ, கோஸ் போட்டால் அளந்த தண்ணீரில் கால் டம்ளர் குறையுங்கள். தக்காளி மூன்று போடுவதானால் அது பிரிஞ்சி இல்லை, தக்காளி சாதம். அதற்குக் கணக்கு வேறு.

ஊறவைப்பதும் அப்படியே. பாசுமதியைப் பார்த்துப் பழகியவர்கள் சாமையையும் அரை மணி, ஒரு மணி என்று விடுகிறார்கள். சாமை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதன் நடுவரை நனைய 20 நிமிடம் போதும். இரவு முழுக்க ஊறியது தோசை மாவுக்கு ஆகும்.

இன்னொன்று, வாங்கும்போதே நடக்கிற கோளாறு. உமி நீக்கிய சாமையும் குதிரைவாலியும் பார்வைக்கு அண்ணன் தம்பி. சில்லறையாக அளந்து கொடுக்கும் கடையில் ஒன்றுக்கு ஒன்று மாறி வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். குதிரைவாலி சீக்கிரம் வேகும், சீக்கிரம் குழையும்; அதற்கு ஒரு விசில் போதும். வரகு கொஞ்சம் முரடு, உதிரியாக நிற்கும். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு நான் வரகையே சொல்வேன். தினை மஞ்சளாக இருப்பதால் குழப்பமில்லை, ஆனால் சாமையைவிடக் கால் டம்ளர் தண்ணீர் கூடக் கேட்கும்.

தண்ணீர் சரி, ஊறல் சரி, இன்னும் குழைகிறதா? வடித்த பிறகு சாமையைத் தாளிப்பில் போட்டு இரண்டு நிமிடம் வறுத்தீர்களா என்று பாருங்கள். மணி ஒவ்வொன்றிலும் எண்ணெய் பூசிக்கொண்டு, கரண்டியில் அள்ளினால் ஈர மணல்போல் சரியாமல் தனித்தனியாக உருள வேண்டும். காலை நேர அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற படி இதுதான்.

மேலே நறுக்கென்று இருக்கிறது, அடியில் பிடித்துவிட்டது

ஒரே குக்கரில் இரண்டு குறையும் சேர்ந்து வரும். மூக்கில் தீய்ந்த வாடை பட்டதும் அடுப்பை அணையுங்கள், அடியைச் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டிக் கலந்தால் மொத்தமும் தீய்ந்த வாடைதான். எந்த மசாலாவும் அதை மறைக்காது. மாற்றிய பின் வேகாத மணிக்கு மேல் கால் டம்ளர் கொதிக்கும் தண்ணீரைக் கையால் தெளிப்பதுபோல் கரண்டியால் தெளித்து, இறுக மூடி, சூடான தோசைக்கல்லின் மேல் எட்டு நிமிடம் வையுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம். அது சாதத்தின் சூட்டை இறக்கிவிடும். உள்ளே அரிசிப்பல் அப்படியே நிற்கும், வெளியே மட்டும் சவசவத்துப் போகும்.

காரணம் அநேகமாகக் குக்கருக்கு மூடி போடுவதற்கு முன்பே நடந்திருக்கும். இஞ்சி பூண்டு விழுதும் தக்காளியும் வதங்கும்போது அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்டும். தண்ணீர் விட்டதும் கரண்டியின் விளிம்பால் அதைச் சுரண்டிக் கரைத்துவிட்டால் அது சுவை. அப்படியே விட்டு மூடினால் அதுதான் அடிப்பிடிப்பின் விதை. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். அந்தப் படலம் கருகப் பத்து நிமிடம் போதும். வறுத்த சாமையின் மேல் விட்ட தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, ஒரே ஒரு முறை கிளறி, உடனே மூடுங்கள். தேங்காய்ப்பால் கனமாக இருந்தாலும் அடிப்பிடிக்கும். அதனால்தான் இரண்டாம் பாலை உள்ளே விட்டு, முதல் பாலை வெளியே வைக்கிறோம். மின்தூண்டல் அடுப்பில் சமைப்பவர்கள் பாத்திரத்தின் அடியில் நடுவட்டம் மட்டும் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதில் முழு வேகத்தில் வைக்காமல் நடுத்தரத்திலேயே விசிலுக்குக் காத்திருப்பது நல்லது.

பல்லில் மண் கடிபடுகிறது

சமைத்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. சொல்லாமல் பரிமாறிவிட்டு, யாராவது கேட்டால் ஆச்சரியப்படலாம், அவ்வளவுதான்.

என் பெரியம்மா போளூர் பக்கம். ஜவ்வாது மலையிலிருந்து மூட்டையில் இறங்கும் சாமையைப் பழகியவர். சென்னைக்கு வந்தவர் என் சமையலறையில் நான் சாமையைக் குழாயடியில் வடிதட்டில் வைத்துக் கழுவுவதைப் பார்த்துவிட்டு, "கழுவினால் அழுக்குப் போகும், கல் எப்படிப் போகும்? அரித்தாயா?" என்று கேட்டார். அவர் காலத்தில் அதற்கென்றே அரிக்கன்சட்டி இருந்தது. உட்புறம் வரிவரியாகக் கீறியிருக்கும், மண் அந்த வரிகளில் தங்கும். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு எவர்சில்வர் பாத்திரம்தான். ஒன்றில் சாமையைப் போட்டு அதற்கு மேல் நாலு விரல் தண்ணீர் விட்டார். பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, தொட்டில் ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்ணீரோடு ஒரு கைப்பிடிச் சாமை மிதந்து விளிம்பைத் தாண்டி இரண்டாம் பாத்திரத்தில் விழுந்தது. தண்ணீர் தீர்ந்ததும் இரண்டாம் பாத்திரத்துத் தண்ணீரையே எடுத்து மறுபடி முதலாவதில் விட்டார். நாலு நிமிடத்தில் முதல் பாத்திரத்தின் அடியில் அரைக் கரண்டிச் சாமை மிஞ்சியது. அதை விரலால் ஒதுக்கிக் காட்டினார்: கறுப்பாகவும் பழுப்பாகவும் ஏழெட்டுக் கல், கொஞ்சம் மண். "பேராசைப்பட்டு இந்த அரைக் கரண்டியையும் எடுக்க நினைத்தாய் என்றால் கல்லும் கூட வரும். குருவிக்குப் போடு" என்றார். மணியைவிடக் கல் கனம். ஆட்டும்போது கல் அடியில் தங்கும், மணி தண்ணீரோடு போகும். இதில் இருக்கிற சூட்சுமம் இவ்வளவே.

மிதந்து வரும் மணிகளிலேயே உமி நீங்காமல் பளபளப்பாகச் சில இருக்கும். முதல் தண்ணீரில் மேலே நிற்பதை வடித்துவிடுங்கள். வாயில் முள்போல் உறுத்துவது அதுதான், மண் இல்லை.

கசக்கிறது

இது எந்தக் கசப்பு என்று முதலில் நாக்கால் பிரித்தறிய வேண்டும்.

வாயில் போட்டதும் கசந்து, கூடவே பழைய எண்ணெய் வாடை அடித்தால் குற்றம் சாமையில். சிறுதானியத்தில் எண்ணெய்ச் சத்து உண்டு. உமி போனபின் காற்றும் வெப்பமும் பட்டுச் சிக்கு வாடை பிடித்துக்கொள்ளும். சென்னையின் புழுக்கத்தில் அடுப்புக்கு மேல் அலமாரியில் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் சீக்கிரமே அந்தக் கதி. அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். பிரித்ததும் இறுக்கமான டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். சமைக்கும் முன் உலர்ந்த மணியைக் கையில் தேய்த்து மோந்து பாருங்கள். வாடை அப்போதே சொல்லிவிடும். அந்தச் சாமையை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் தேறாது.

விழுங்கிய பிறகு தொண்டையில் கசப்பு நின்றால் அது மசாலா. கல்பாசி பெயர்தான் பாசி. உண்மையில் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். எண்ணெயில் பொரிந்தால்தான் அதன் மணம் வரும். அளவு கூடினால் மண்ணும் கசப்பும்தான் வரும். கிள்ளிப் போடுங்கள், அள்ளிப் போடாதீர்கள். கிராம்பும் அன்னாசிப்பூவும் அப்படியே. ஆறு பேருக்குச் செய்தாலும் அன்னாசிப்பூ ஒன்றைத் தாண்டாதீர்கள்.

கசப்போடு கரிந்த ருசி இருந்தால் பூண்டு. எண்ணெய் புகைகிற சூட்டில் விழுதைப் போட்டால் முப்பது நொடியில் கருகிவிடும். வெங்காயம் வதங்கி அதன் ஈரம் எண்ணெயில் இருக்கும்போதே விழுது போக வேண்டும். தெறிக்கத் தொடங்கினால் ஒரு கரண்டி தண்ணீர். கருகியதை உணர்ந்த நிமிடமே, சாமை போடுவதற்கு முன்பே, தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு கரண்டி எண்ணெயும் ஒரு வெங்காயமும்தான் நஷ்டம். இதில் சிக்கனம் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் முழுக் குக்கரையும் இழந்திருக்கிறேன்.

எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழிந்தாலும் கசக்கும். இறக்கிய பின் பிழியுங்கள்.

தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் மிதக்கிறது

கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் தேங்காய் எண்ணெய் நுண்துளியாகச் சிதறி நிற்பதுதான். பலமாகக் கொதித்தாலோ புளிப்புப் பட்டாலோ அந்தக் கட்டு விட்டுப்போகும். துளிகள் சேர்ந்து மேலே எண்ணெயாக நிற்கும், அடியில் வெள்ளைத் திரி திரியாகத் தெரியும். சாதத்தோடு வெந்துவிட்டால் பார்வைக்கு அவ்வளவாகத் தெரியாது. கரண்டிக் காம்பால் மெதுவாகப் புரட்டிவிட்டால் எண்ணெயை மணிகள் இழுத்துக்கொள்ளும்.

தவிர்க்க விரும்பினால் தக்காளியைத் தோல் சுருண்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அரைகுறையாக வதங்கிய தக்காளியின் மேல் பாலை விட்டால் திரியாமல் என்ன செய்யும்? முதல் பாலைக் கடைசியில், அடுப்பை அணைத்தபின் விடுங்கள். அட்டைப்பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலில், பால் பிரியாமல் பிடித்துவைக்கும் நிலைநிறுத்திகள் சேர்த்திருந்தால் சீக்கிரம் திரியாது. ஆனால் அது கெட்டி, இரண்டாம் பால் என்று நினைத்து அப்படியே ஒன்றரை டம்ளர் விட்டால் அடிப்பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு பால், இரண்டு பங்கு தண்ணீர் என்று கலந்துகொள்ளுங்கள்.

பட்டாணி கல்லாக, கேரட் கூழாக

ஒரே பாத்திரத்தில் வேகும் காய்களுக்கு ஒரே நேரம் போதாது என்பதை நறுக்கும்போதே ஈடுகட்ட வேண்டும். உருளைக்கிழங்கு ஒரு அங்குலச் சதுரம், கேரட் சுண்டுவிரல் கனத்தில் அரை விரல் நீளம், பீன்ஸ் கொஞ்சம் நீளமாக. காலிபிளவர் பெரிய பூவாக, கடைசியில் சாமைக்கு மேலே. நூக்கோல் மட்டும் சின்னதாக. அது பிடிவாதக்காரக் காய்.

பட்டாணி கல்லாக நின்றால் மூன்று காரணம் பாருங்கள். காய்ந்த பட்டாணியை எட்டு மணி நேரமாவது ஊறவைத்தீர்களா? வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், பிரிட்ஜில் ஊறட்டும். இரண்டாவது, தக்காளிப் புளிப்பு. காயின் சுவரைக் கட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் கரைய மறுக்கும். ஊறிய பட்டாணியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்துப் பிறகு சேர்ப்பதே வழி. மூன்றாவது தண்ணீர், எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய வில்லன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை பெக்டினோடு சேர்ந்து தோலை இறுக்கிவிடும். குழாயின் வாயில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பின் வேலைதான். பருப்பு வேக நேரம் எடுக்கும் வீட்டில் பட்டாணியும் வேகாது. குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவையுங்கள். சமையல் சோடா போட்டால் வேகும். தோல் கழன்று, சோப்பு ருசியும் வரும். வேண்டாம்.

மார்கழி, தை மாதங்களில் கோயம்பேட்டிலிருந்து வரும் தள்ளுவண்டியில் பச்சைப் பட்டாணி கிடைக்கும்போது இந்தத் தொல்லையே இல்லை. உரிக்கத்தான் ஆள் வேண்டும்.

பீன்ஸ் பச்சை மங்கிக் காக்கியாகிவிட்டதா? அது புளிப்பும் நீண்ட சூடும் சேர்ந்து பச்சையத்தைக் குலைத்தது. ருசிக்குக் குறைவில்லை. விசில் அடங்கியதும் சும்மா மூடி வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், அவ்வளவுதான். பீட்ரூட் போட்டுவிட்டுச் சாதம் சிவந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லாம் சரி, மணமும் ருசியும் இல்லை

முழு மசாலாவை எண்ணெய் காய்ந்த பிறகு போட்டீர்களா, காயும் முன்பா? அவற்றின் மணம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பிரிஞ்சி இலை ஓரம் லேசாகப் பழுத்து, ஏலக்காய் உப்பும் நேரத்தில் வெங்காயம் போக வேண்டும். நெய் இல்லாத சமையலில் எண்ணெயையும் குறைத்துவிட்டால் மணத்தைச் சுமக்க எதுவும் மிஞ்சாது. டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்பதில் நான் பேரம் பேசுவதில்லை. இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஐந்தாறு முந்திரியும் கிள்ளிய புதினாவும் பொரித்துக் கொட்டினால் நெய்யைக் கேட்க ஆள் இருக்காது.

உப்பைத் தண்ணீர் கொதிக்கும்போதே ருசி பாருங்கள். கொஞ்சம் தூக்கலாக, ரசத்தைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும். சாமையும் உருளைக்கிழங்கும் இழுத்துக்கொண்டால் சரியாகிவிடும். வெந்தபின் மேலே தூவும் உப்பு நாக்கில் மட்டும் உறைக்கும், மணிக்குள் போகாது. உப்போ காரமோ கூடிவிட்டால் வெறும் சாமையை அரை டம்ளர் தனியாக வடித்துக் கலப்பதுதான் நேர்மையான வழி. உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சும் என்பதெல்லாம் குழம்பில்கூட எனக்குப் பலித்ததில்லை.

விசிலே வரவில்லை, ஆவி ஓரத்தில் போகிறது

அடுப்பை அணைத்து, ஆவி முழுதும் அடங்கிய பிறகு திறவுங்கள். அவசரத்தில் மூடியை நெம்பித் திறப்பது எந்த நாளும் கூடாது. கேஸ்கெட் தளர்ந்திருந்தால் குளிர்ந்த தண்ணீரிலோ உறைபெட்டியிலோ பத்து நிமிடம் வைத்துப் போட்டால் அன்றைக்கு ஓடும். மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள். கேஸ்கெட் நன்றாக இருந்தும் விசில் வரவில்லையென்றால் மூடியில் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாமை நுரைத்துப் பொங்கும் தானியம். நுரையோடு ஒரு மணி ஏறி அந்தத் துளையில் உட்கார்ந்துவிடும். மெல்லிய கம்பியால் குத்தி, ஊதிப் பாருங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் இது வராது. திறந்து பார்த்துத் தண்ணீர் பாதி வற்றியிருந்தால் அதே குக்கரில் தட்டு மூடி, தீயைக் குறைத்து, பானையில் வைப்பதுபோல் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். சொல்லப்போனால் அப்படி வெந்த சாமைதான் இன்னும் உதிரியாக இருக்கும்.

காலையில் நன்றாக இருந்தது, மதியம் டிபன் பாக்ஸில் கட்டியாகிவிட்டது அல்லது வாடை அடிக்கிறது

கட்டியானால் குறையில்லை, ஆறியதும் மாவுச்சத்து இறுகும் என்று முன்பே சொன்னேன். அலுவலகத்தில் சூடாக்கும் வசதி இருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் விட்டுக்கொடுக்கும். இல்லையென்றால் காலையிலேயே கட்டும்போது அரை மூடி எலுமிச்சையும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் புரட்டிக் கட்டுங்கள்.

கொதிக்கக் கொதிக்க அள்ளி மூடியைப் போடுவதுதான் பெரிய தவறு. ஆவி மூடியில் வியர்த்து மறுபடி சாதத்திலேயே சொட்டும், மேல்பாகம் சவசவத்துப்போகும். அகலமான தட்டில் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கட்டுங்கள். அதற்காகக் காலை ஆறு மணிக்குச் செய்ததை மேசையில் ஒன்பதுவரை விட்டுவைக்காதீர்கள். வேகவைத்த தானியத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாக்குப்பிடித்து நிற்கும். வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகும்போது விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் சேர்ந்த சாதம் மற்றதைவிடச் சீக்கிரம் ஊசிப்போகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நுண்ணோக்கி இல்லாமலே தெரியும்.

அக்னி நட்சத்திர நாட்களில், மே மாதத்து வெயிலில், மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் ஆடி அலைந்து போகும் டிபன் பாக்ஸுக்குப் பிரிஞ்சி வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த மாதம் மட்டும் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு, வெறும் தண்ணீரில் புதினா சாதமாகச் செய்து அனுப்புகிறேன். போன மே மாதம் மாடி வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்காமல் கணவருக்குப் பிரிஞ்சி கட்டி அனுப்பினாள். மதியம் ஒரு மணிக்கு அவரிடமிருந்து அவளுக்குப் போன்: திறந்தால் புளித்த வாடை, விரலில் எடுத்தால் நூல்போல் இழுக்கிறது, கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று. ருசி பார்க்கவே கூடாது. காரம் போட்டு மறைக்கவும் கூடாது. சாமை விலை நினைவுக்கு வரும்; வந்தாலும் கொட்டிவிட்டு, கேண்டீனில் இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்கள்.